அக்குள் கருமை: வெளுக்கும் முன் காரணம் பாருங்கள்

அக்குள் கருமைக்கு எதைப் பூசுவது என்பதுதான் பெரும்பாலோர் முதலில் கேட்பது. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தோல் ஏன் கறுத்தது என்பதே முதல் கேள்வி. இந்த வரிசை மாறிப்போவதால்தான் ஆண்டுக்கணக்கில் எலுமிச்சை தேய்த்தவர்களுக்கும் கடைக்குக் கடை கிரீம் வாங்கியவர்களுக்கும் கருமை குறைவதில்லை. பலருக்குக் கூடவே செய்கிறது. அக்குள் கருமை ஒரே நோய் அல்ல. உரசல், எரிச்சல், ஒவ்வாமை, தொற்று, உடம்பின் இன்சுலின் நிலை, சில மருந்துகள் எனத் தொடர்பே இல்லாத பல காரணங்கள் ஒரே இடத்தில் ஒரே நிறமாக வந்து நிற்கின்றன. ஒன்றுக்குக் கைகொடுக்கும் சிகிச்சை இன்னொன்றைக் கெடுத்துவிடும். காரணத்தை நிறுத்தினால் தோல் பெரும்பாலும் தானே தெளியத் தொடங்கும், காரணத்தை விட்டுவிட்டு நிறத்தைத் துரத்தினால் எந்த மருந்தின் பலனும் நிலைக்காது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். மேல்தோலின் அடிவரிசையிலுள்ள நிறமிச் செல்கள் அதைத் தயாரித்துச் சுற்றியுள்ள செல்களுக்குக் கொடுக்கின்றன. தோல் காயப்பட்டாலும் அழற்சி கண்டாலும் அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களைத் தூண்டிவிடும். சிவப்பு தணிந்ததும் அந்த இடம் கறுக்கும். கொசுக்கடியும் முகப்பருவும் ஆறிய பிறகு மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்பது இதனால்தான். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்த எதிர்வினை வலுவாகவே இருக்கும். அக்குளில் நாள் முழுக்கத் தோலோடு தோல் உரசுகிறது, வியர்வை காய்வதில்லை, மடிப்புக்குள் காற்றும் போவதில்லை. போதாததற்கு ரேசர், டியோடரண்ட், இறுக்கமான கை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய காயமானாலும் அது தினம் நடந்தால் நிறமிச் செல்கள் ஓய்வதே இல்லை. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 4 வாரம் எடுக்கும் என்பதால், புதுக் காயம் நின்றால் அங்கே தங்கிய நிறமி சில மாதங்களில் உதிர்ந்துவிடும். அழற்சி நெடுநாள் நீடித்திருந்தால் நிறமி கீழ்த்தோலுக்கு இறங்கிவிடுகிறது. அது கரைய ஆண்டுகள் ஆகலாம். ஏழு நாளில் பளிச்சென்று மாறும் என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது என்பதற்கு இந்த உடலியல் ஒன்றே போதும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உடம்பின் மடிப்புகள் மற்ற இடங்களைவிடச் சற்று நிறம் கூடியிருப்பது நம் மக்களிடையே இயல்பு. கையைத் தூக்கினால் முழங்கையின் உட்புறமும் அக்குளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உண்டாக்கியவை விளம்பரப் படங்கள்தான். அவை ஒளியமைத்து எடுத்துத் திருத்தப்பட்டவை. இளவயது முதல் ஒரே அளவில், இரு பக்கமும் ஒன்றுபோல, அரிப்போ தடிப்போ இல்லாமல் இருக்கும் லேசான கருமைக்குச் சிகிச்சை தேவையில்லை. அப்படியானால் கவலைப்படுபவர்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். அப்படியல்ல. ஒரு மாற்றம் புதிதாக வந்தால், பரவினால், தோல் தடித்தால், அரித்தால், நாற்றமெடுத்தால் கவனிக்க வேண்டும். கையில்லாத சட்டை போட முடியவில்லையே என்ற வருத்தமும் நியாயமானதுதான். அந்த வருத்தத்தைத் தணிக்கும் வழியும் காரணத்தைத் தேடுவதில்தான் இருக்கிறது.

தேடலைக் கண்ணாடி முன் தொடங்கலாம். பகல் வெளிச்சம் விழும் சன்னல் அருகே நின்று கையைத் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள். கருமை எங்கே அதிகம்? குழிவான நடுப்பகுதியிலா, ஓரங்களிலா? டியோடரண்டின் வாசனைப் பொருளால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் நடுக்குழியைப் பிடிக்கும். துணியின் சாயத்தாலோ செயற்கை இழையாலோ வரும் ஒவ்வாமை குழியை விட்டுவிட்டு, துணி உரசும் ஓரங்களைப் பிடிக்கும். அடுத்து விரல் நுனியால் தடவுங்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் பழைய எரிச்சலின் மிச்சம் என்று சந்தேகிக்கலாம். தடிப்பாக, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் இருந்து, தோலின் இயல்பான கோடுகள் உழுதாற்போல் ஆழமாகத் தெரிந்தால் அது வேறு கதை. அப்போது பின்கழுத்தையும் தொடை இடுக்கையும் பாருங்கள். அங்கேயும் அதே தடிப்பு, கழுத்தைச் சுற்றிச் சிறுசிறு மருக்கள் தொங்குகின்றன என்றால் நீங்கள் பார்ப்பது அநேகமாக அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். பழுப்புத் திட்டாக, எல்லை தெளிவாக, லேசாகச் செதிலுதிர்ந்தால் தொற்றை நினைக்க வேண்டும்.

அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் பற்றிக் கூடுதலாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது தோலில் தெரிந்தாலும் தோலில் தொடங்கும் பிரச்சினை அல்ல. உடம்பின் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகையாகச் சுற்றும் அந்த இன்சுலின், தோல் செல்களிலுள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பிகளைத் தட்டியெழுப்புகிறது. செல்கள் பெருகித் தோல் தடிக்கிறது, மடிகிறது, கறுப்பாகத் தெரிகிறது. இங்கே கருமையின் பெரும்பகுதி மெலனினால் வருவதே அல்ல. தடித்த மேல்தோலால் வருவது. நிறமியைக் குறைக்கும் கிரீம்கள் இதில் தோற்பதற்கு அதுவே காரணம். உடல் பருமன், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, பெண்களுக்கு வரும் பி.சி.ஓ.எஸ். ஆகியவற்றோடு இது நெருங்கி வருகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் இந்தக் கருமையோடு சேர்ந்திருந்தால் அழகு நிலையத்துக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. முந்தைய நிலைக்கு வலி கிடையாது, தாகம் கிடையாது. பலருக்கு அது வெளியே காட்டும் ஒரே அடையாளம் கழுத்திலும் அக்குளிலும் தெரியும் இந்தத் தடிப்புதான். அதை வெளுத்து மறைக்க முயல்வது, கிடைத்த எச்சரிக்கையை அழிப்பதற்குச் சமம்.

நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி என்பது இங்கே எழும் முதல் மறுப்பு. மேலைநாட்டு அளவுகோலில் ஒல்லியாகத் தெரியும் இந்தியர்கள் பலருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் நமக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரையிலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரையிலோ இருந்தால் முந்தைய நிலை. இதற்கு ஏது செலவு என்ற கவலை வேண்டாம். சர்க்கரைப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். சோதனையில் தெரிந்து என்ன பயன், பரம்பரை நோய் வந்தே தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. அதற்குப் பதில் சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், முந்தைய நிலையிலிருந்த 531 பேரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடை இறங்கி இன்சுலின் தணியத் தணியத் தோலும் மெல்ல மென்மையாகும். 70 கிலோ உள்ளவர் 4, 5 கிலோ குறைத்தாலே வித்தியாசம் தொடங்கிவிடும். மூன்று வேளையும் சோறும் மாவுமாக இருப்பதைக் குறைத்து, பருப்பும் கீரையும் முட்டையும் கூட்டி, வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடப்பது அக்குளுக்கான மருந்தும்கூட. மருத்துவர் தேவை என்று கருதினால் மெட்ஃபார்மின் தருவார். அதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இன்சுலின் காரணமில்லை என்றால் அன்றாடப் பழக்கங்களைப் பார்க்க வேண்டும். இங்கேதான் வீட்டு வைத்தியத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். எலுமிச்சை இயற்கையானது, அது என்ன செய்யும் என்பார்கள். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 2-ஐ ஒட்டியது. நம் தோல் 5-ஐ ஒட்டி இருக்கிறது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் 8-ஐத் தாண்டும். ஒன்று தோலைச் சுடுகிறது, மற்றொன்று அதன் பாதுகாப்பு அமிலப் படலத்தைக் கரைக்கிறது. சர்க்கரை, கல் உப்பு, பீர்க்கங்காய் நார் ஆகியவை கீறுகின்றன. மேலே உதிர வேண்டிய செல்கள் உதிர்ந்துபோவதால் முதல் சில நாள் நிறம் குறைந்ததுபோல் தெரிவது உண்மை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது என்ற பேச்சு அந்தச் சில நாட்களிலிருந்து வருவது. பின்னால் வரும் எரிச்சல் நிறமிச் செல்களைத் தூண்ட, முன்பிருந்ததைவிடக் கறுக்கிறது. உடனே இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். கடலை மாவையோ பயத்தம் மாவையோ சோப்புக்குப் பதிலாக மென்மையாகப் பூசிக் கழுவுவதில் பெரிய கெடுதல் இல்லை. கற்றாழை, தேங்காய் எண்ணெய் வறட்சியைத் தணிக்கும், வெளுக்காது. கெடுதல் தேய்ப்பதில் இருக்கிறது.

காயத்தில் பெரும் பங்கு முடி எடுப்பதில் நடக்கிறது. காய்ந்த தோலில் மழுங்கிய ரேசரை வைத்து, முடி வளரும் திசைக்கு எதிராக நாலு தடவை இழுத்தால் மேல்தோலே சீவப்படும். குளித்து முடித்து முடி ஊறிய பிறகு, ஷேவிங் ஜெல்லோ நுரையோ பூசி, புது பிளேடால், முடி போகும் திசையிலேயே, அழுத்தாமல் ஒரு தடவை இழுப்பது போதும். அக்குளில் முடி எல்லாத் திசையிலும் வளர்வதால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழித்த பிறகும் கறுப்பாகத் தெரிவதில் ஒரு பங்கு தோலுக்கடியில் நிற்கும் முடியின் அடிக்கட்டைதான். அதை எந்தக் கிரீமும் வெளுக்காது. வேக்ஸிங்கில் அடிக்கட்டை போய்விடும், ஆனால் சூடும் இழுப்பும் சிலருக்கு முடிக்கால்களில் கொப்புளத்தையும் உள்ளே சுருண்டு வளரும் முடியையும் தரும். முடி நீக்கும் கிரீம்கள் காரத்தன்மை கொண்டவை, அடிக்கடி கூடாது. எது உங்கள் தோலில் எரிச்சல் தரவில்லையோ அதுவே உங்களுக்குரிய முறை. கத்தரியால் ஒட்ட நறுக்குவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. ஆண்களுக்கும் இது பொருந்தும். மழித்த அன்று டியோடரண்ட் அடிக்காதீர்கள், திறந்திருக்கும் கீறல்களுக்குள் ஆல்கஹாலும் வாசனைப் பொருளும் இறங்கும். டியோடரண்ட்தான் காரணமோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் அடியோடு நிறுத்திப் பாருங்கள், இதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது. நாற்றத்துக்குப் பயந்து அதை விட மறுப்பவர்கள் தினம் இருமுறை மென்மையான சோப்பால் கழுவி, முழுதும் உலர்த்தி, பருத்திச் சட்டையை மாற்றினால் போதும். ரவிக்கையின் கைப்பகுதி அக்குளில் பிடித்து, கையைத் தூக்கும்போதெல்லாம் அறுப்பதுபோல் இருந்தால் தையற்காரரிடம் சொல்லி அரை அங்குலம் தளர்த்திக்கொள்ளுங்கள். கருமை ஓரங்களில் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த அரை அங்குலமே பாதிச் சிகிச்சை.

தொற்றை வேகமாகச் சொல்லி முடிக்கலாம். எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா தொற்று, வியர்வை மிகுந்த மடிப்புகளில் பழுப்புத் திட்டாக வரும். உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியில் பவளச் சிவப்பாக ஒளிர்வதால் தோல் மருத்துவர் நொடியில் கண்டுகொள்வார். உரிய ஆன்டிபயாட்டிக் பூச்சில் சில வாரங்களில் போய்விடும். பூஞ்சைத் தொற்று அரிக்கும், ஓரம் சிவந்து வட்டமாகப் பரவும். இங்கே நடக்கும் தவறு பெரிது. மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பூசியதும் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும், நிறமும் கொஞ்சம் வெளுக்கும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். மடிப்பில் பூசும் மருந்தைத் தோல் அதிகமாக உறிஞ்சுவதால், சில மாதங்களில் தோல் மெலிந்து வெடித்த கோடுகள் விழும். அந்தக் கோடுகள் போகாது. 2018-ல் இந்திய அரசு பல மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய பட்டியலில் சேர்த்தது இந்தச் சீரழிவைப் பார்த்துத்தான்.

காரணத்தை நிறுத்திய பிறகுதான் பூச்சுகளுக்கு இடம். தடிப்புள்ள தோலுக்கு 10 சதவீத யூரியாவோ 12 சதவீத லாக்டேட் லோஷனோ இரவில் பூசலாம். கீறலிருந்தால் எரியும், ஆறும்வரை பொறுங்கள். அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகள் தடிப்பையும் நிறமியையும் சேர்த்துக் குறைக்கும். மடிப்பில் இவை எளிதில் எரிச்சல் தருவதால் வாரம் இரண்டு இரவு, பயறளவு என்றுதான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இவற்றைத் தொடக் கூடாது. அவர்களுக்குப் பொதுவாக ஏற்றதாகக் கருதப்படுவது அசெலாயிக் அமிலம். நியாசினமைடு மென்மையானது. மெக்சிகோவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வொன்றில் 24 பெண்களின் அக்குள்களில் 4 சதவீத நியாசினமைடையும் மிதமான ஸ்டீராய்டான டெசோனைடையும் 9 வாரம் ஒப்பிட்டார்கள். இரண்டும் வெறும் கிரீமைவிட மேல். ஆனால் நியாசினமைடால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். டெசோனைடு சற்று முந்தியது. அப்படியானால் ஸ்டீராய்டு நல்லதுதானே என்று கேட்கலாம். மிதமான ஒன்றை, சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பூசியதன் முடிவு அது. கடை டியூப்பில் இருப்பது பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு வீரியமானது. அழற்சியைத் தணித்ததும் நிறம் தணிந்தது என்பதுதான் அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஹைட்ரோகுவினோன் நிறமியைத் திறம்படக் குறைக்கும், ஆனால் மாதக்கணக்கில் கட்டுப்பாடின்றிப் பூசினால் நீலங்கலந்த நிரந்தரக் கருமையைத் தரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனக் கிரீம்களில் இதைத் தடை செய்திருக்கிறது, அமெரிக்காவில் 2020 முதல் சீட்டின்றி விற்க இயலாது.

பெயர் தெரியாத சிவப்பழகுக் கிரீம்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கை, அழகுசாதனங்களில் 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்று முதலில் வரம்பு வைத்திருந்தது. வரம்பை மீறிய கிரீம்களைப் பூசி, கால் வீங்கிச் சிறுநீரில் புரதம் போய், சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லையென்றால் வாங்காதீர்கள். லேசரும் கெமிக்கல் பீலும் சிலருக்கு உதவும். திரும்பத் திரும்ப மழிப்பதால் கறுத்தவர்களுக்கு லேசர் முடி குறைப்பு பொருந்துகிறது, காயத்தின் மூலமே நின்றுவிடுவதால். நம் தோலில் தவறான அளவில் லேசர் பாய்ந்தால் தீக்காயமும் புதுக் கருமையும் வரும் என்பதால் இதைத் தகுதியான தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. நாற்பதைக் கடந்தவருக்கு, எடை குறைந்துகொண்டிருக்கும்போது, சில வாரங்களிலேயே கருமையும் தடிப்பும் வேகமாகப் பரவி, உள்ளங்கையும் வாயின் உட்புறமும் தடித்தால், வயிற்றுப் புற்றுநோய் உள்ளிட்ட காரணங்களைத் தேட வேண்டும். அரிதுதான், ஆனாலும் தவறவிடக் கூடாதது. மடிப்புகளோடு ஈறும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்து, உடம்பு சோர்ந்து, தலைசுற்றினால் அட்ரினல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். அக்குளில் வலியோடு கட்டிகள் வந்து உடைந்து மறுபடி வந்தால் அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து.

கடைசியாகப் பெற்றோருக்கு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கழுத்திலும் அக்குளிலும் கறுப்புத் தடிப்பைக் கண்டால் சரியாகக் குளிக்கவில்லை என்று திட்டாதீர்கள், அது அழுக்கு அல்ல. பிள்ளையின் எடையையும் இடுப்பளவையும் எழுதிக்கொண்டு ஒரு காலையில் வெறும் வயிற்றோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அந்த வயதில் இன்சுலின் நிலையைத் திருத்துவது நாற்பது வயதில் திருத்துவதைவிட மிக எளிது.